12 ஜிபி போட்ட லப்டொப்பில் லினக்ஸ் 7.6 மட்டும் காட்டினால்

கேள்வி சுருக்கமாக இது: மல்லாவியில் ஒருவரிடம் பாவித்த லப்டொப் ஒன்று இருக்கிறது. இன்டெல் நான்காம் தலைமுறை ஐ5, இரண்டு றாம் ஸ்லொட். முதலில் 4 ஜிபி மட்டும் இருந்தது. வவுனியாவில் 8 ஜிபி ஒன்று வாங்கி மற்ற ஸ்லொட்டில் போட்டார். லினக்ஸ் மின்ட்டில் நினைவக அளவைக் காட்டும் 'ஃப்ரீ -எச்' கட்டளையை அடித்தால் மொத்தம் 7.6 என்று வருகிறது. மிச்சம் எங்கே போனது, திரும்ப இன்ஸ்டோல் பண்ண வேணுமா, இல்லை விண்டோஸ்தான் போட வேணுமா என்று கேட்கிறார்.

பெரும்பாலும் இரண்டும் தேவையில்லை. எவ்வளவு றாம் இருக்கிறது என்று எண்ணுவது லினக்ஸ் அல்ல, பயோஸ், அதாவது லப்டொப்பைப் போட்டதும் முதலில் ஓடும், தாய்ப்பலகையிலேயே இருக்கும் மென்பொருள். பவர் பட்டனை அமத்தியதும் பயோஸ் ஒவ்வொரு றாமிலும் இருக்கிற எஸ்பிடி என்ற சின்ன சிப்பை வாசிக்கும். அளவு, வேகம் எல்லாம் அதில்தான் எழுதியிருக்கும். பிறகு அந்த றாமோடு பேசிப் பார்க்கும். பதில் ஒழுங்காக வந்தால் கணக்கில் சேர்க்கும், வராவிட்டால் விட்டுவிடும். கடைசியில் எந்த முகவரியிலிருந்து எந்த முகவரி வரை பாவிக்கலாம் என்று ஒரு பட்டியல் போட்டு லினக்ஸின் மையப்பகுதியான கேர்னலிடம் கொடுக்கும். பட்டியலில் இல்லாததைக் கேர்னல் தொடாது. ஆகவே றாம் தொலைந்தது பயோஸுக்கு முன்னா, பின்னா என்று பிரிப்பதுதான் முதல் வேலை. முன் என்றால் ஸ்குரு டிரைவரை எடுக்க வேணும். பின் என்றால் கீபோர்ட்டிலேயே வேலை முடியும். இதைப் பிரிக்காமல் மூன்று தரம் இன்ஸ்டோல் பண்ணுகிற ஆக்கள் இருக்கிறார்கள். மூன்று தரமும் அதே 7.6தான் வரும்.

(கட்டளைகளை இங்கே ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். கட்டளை அடிக்கிற ஜன்னலான டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலச் சின்ன எழுத்தில்தான் அடிக்க வேணும்.)

பிரிக்க ஐந்து நிமிடம் போதும். லப்டொப்பைப் போட்டவுடன் டெல், ஏசர், ஏசஸ் என்றால் எஃப்2, எச்பி என்றால் எஃப்10, திங்க்பாட் என்றால் எஃப்1 அமத்தி பயோஸுக்குள் போங்கள். முதல் பக்கத்தில் அல்லது சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தில் மொத்த நினைவகம் எழுதியிருக்கும். அங்கேயே 8192 எம்பி என்றால் லினக்ஸில் தேட ஒன்றும் இல்லை. 12288 என்றால் பிழை பயோஸுக்குப் பின்.

லினக்ஸுக்குள் இருந்தும் பார்க்கலாம். 'சூடோ டிஎம்ஐடிகோட் -டி 17' என்று அடியுங்கள் (இங்கே 'டி' என்பது 'டைப்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து). ஒவ்வொரு ஸ்லொட்டுக்கும் தனித்தனிப் பத்தி வரும். 'லொகேட்டர்' ஸ்லொட்டின் பெயர், 'சைஸ்' அளவு, 'பார்ட் நம்பர்' றாமின் இலக்கம். காலி ஸ்லொட்டுக்கு 'நோ மொடியூல் இன்ஸ்டோல்ட்' என்று வரும். கையால் வைத்து அமத்திய ஒரு றாமுக்கு நேரே இந்த வரி வந்தால் பயோஸ் அதைக் காணவே இல்லை என்று அர்த்தம். இதே கட்டளையில் 17க்குப் பதில் 16 போட்டால் அதிகபட்சக் கொள்ளளவு வரும். அதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். தயாரித்த நிறுவனம் பயோஸில் எழுதிவிட்ட எண் அது, பல லப்டொப்பில் பிழையாகவே இருக்கும். சரியான வரம்பு வேணுமென்றால் புரொசெசரின் மொடல் இலக்கத்தை இன்டெல் தளத்தில் தேடிப் பாருங்கள்.

எவ்வளவு குறைகிறது என்பதை வைத்தே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடலாம். 8 ஜிபி போட்ட இடத்தில் 7.6, 7.7 வருவது குறையே இல்லை. பயோஸும் கேர்னலும் தங்களுக்கென்று கொஞ்சம் ஒதுக்கும், கிராபிக்ஸும் கொஞ்சம் எடுக்கும். அதே கணக்கில் 12 ஜிபிக்கு 11.5 அளவில் வர வேணும். 8 ஜிபி போட்ட ஏஎம்டி றைசன் லப்டொப்பில் 5.7, 6.7 என்று வந்தால் உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் 1 அல்லது 2 ஜிபியைத் தனக்கென்று பிடித்திருக்கிறது. பயோஸில் யூஎம்ஏ ஃபிரேம் பஃபர் என்று இருந்தால் அதை 512 எம்பிக்கு இறக்கலாம். சில லப்டொப்பில் அந்தத் தெரிவே இருக்காது, அப்படியானால் விட்டுவிட வேண்டியதுதான். 4 அல்லது 8 போட்டும் 3.2க்குக் கிட்ட நின்றால் பெரும்பாலும் 32 பிட் சங்கதி, அதைப் பிறகு சொல்கிறேன். ஒரு றாமின் அளவு அப்படியே முழுதாகக் குறைந்தால் ஸ்லொட் அல்லது றாம்.

இந்தக் கேள்வியில்தான் ஒரு சிக்கல் இருக்கிறது. 7.6 என்றால் பெரும்பாலும் பயோஸ் கொடுத்தது 8. ஆனால் இந்த 8 மூன்று விதமாக வரலாம். புது 8 ஜிபி முழுதாக வேலை செய்து பழைய 4 காணாமல் போயிருக்கலாம். பழைய 4 சரியாக இருந்து, புது 8 பாதியாக மட்டும் தெரியலாம். 8 ஜிபி றாம் பெரும்பாலும் இரண்டு ராங்க், அதாவது இரண்டு அடுக்குச் சிப். ஒரு அடுக்கு செத்தால் 4 மட்டும் மிஞ்சும். மூன்றாவது, 8 என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்றது உண்மையில் 4 ஜிபியாக இருக்கலாம். பாவித்த றாமில் இது நடக்கிற காரியம். ஸ்டிக்கரை யாரும் ஒட்டலாம், எஸ்பிடியை மாற்றுவது அவ்வளவு லேசல்ல. ஆகவே டிஎம்ஐடிகோட் காட்டும் பார்ட் நம்பரைத் தேடிப் பாருங்கள். ஸ்டிக்கரில் ஓர் இலக்கமும் திரையில் வேறோர் இலக்கமும் இருந்தால் விசயம் விளங்கும்.

இவற்றைப் பிரித்துப் பார்க்க நல்ல வழி றாமைத் தனித்தனியாகப் போட்டுப் பார்ப்பது. நாலு தரம் போட வேணும்: 4 ஜிபி முதல் ஸ்லொட்டில், 4 ஜிபி இரண்டாவதில், 8 ஜிபி முதலில், 8 ஜிபி இரண்டாவதில். ஒவ்வொரு தரமும் பயோஸ் காட்டும் எண்ணை ஒரு தாளில் எழுதுங்கள். லினக்ஸ் வரைக்கும் போகத் தேவையில்லை. எந்த ஸ்லொட்டில் போட்டாலும் 4 ஜிபி தெரியவில்லை என்றால் அந்த றாம் போய்விட்டது. ஒரு ஸ்லொட்டில் எதைப் போட்டாலும் தெரியவில்லை என்றால் ஸ்லொட். 8 ஜிபி தனியாக இரண்டிலும் 4096 என்று காட்டினால் பாதி செத்தது அல்லது ஸ்டிக்கர் பொய், கொண்டுபோய் மாற்றுங்கள். நாலு தரமும் சரி, இரண்டும் சேர்ந்தால் மட்டும் பிழை என்றால் இரண்டு றாமும் ஒத்துப்போகவில்லை.

கழற்றும் முன் லப்டொப்பை முழுதாக ஷட் டவுன் பண்ணுங்கள். ஹைபர்னேட்டில் விட்டு றாமை மாற்றினால் பழைய நிலைக்குத் திரும்ப முடியாது, திறந்து வைத்த வேலை எல்லாம் போகும். சார்ஜரை இழுங்கள், பற்றரியைக் கழற்றுங்கள். உள்ளே பூட்டிய பற்றரி என்றால் பின்மூடியைத் திறந்ததும் முதலில் அதன் வயரைத்தான் கழற்ற வேணும். திங்க்பாட்டில் பயோஸிலேயே பில்ட்-இன் பற்றரியை நிறுத்திவைக்கிற தெரிவு இருக்கிறது. பிறகு பவர் பட்டனை 15 செக்கன் அமத்திப் பிடியுங்கள், மிச்சக் கரண்ட் இறங்கட்டும். றாமைத் தொட முன் வெறும் உலோகம் ஒன்றைத் தொடுங்கள்.

றாமின் இரண்டு பக்கமும் இருக்கும் கொழுவிகளை வெளியே விரித்தால் அது தானாக மேலே எழும்பும். திரும்பப் போடும்போது கிட்டத்தட்ட 30 பாகைச் சரிவில் உள்ளே தள்ள வேணும், பிறகுதான் கீழே அமத்த வேணும். பலர் பிழை விடுவது இந்தத் தள்ளுவதில். அரைகுறையாகத் தள்ளி அமத்தினாலும் கொழுவி பூட்டுப்படும், பார்வைக்குச் சரிபோல இருக்கும். தங்க நிறப் பற்கள் ஸ்லொட்டுக்குள் கிட்டத்தட்ட முழுதாக மறைந்திருக்க வேணும். ஒரு பக்கம் கூட, மறுபக்கம் குறைய வெளியே தெரிந்தால் அது உட்காரவில்லை. இரண்டு கொழுவியிலும் கிளிக் சத்தம் தனித்தனியாகக் கேட்க வேணும். ஏற்கெனவே வேலை செய்த 4 ஜிபி புதுசைப் போட்ட பிறகு காணாமல் போனது என்றால், புதுசைப் போடும்போது பழையதில் கை பட்டு அசைந்திருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். ஆகவே நாலு தரச் சோதனைக்கு முன் இரண்டையும் ஒருதரம் கழற்றிப் பூட்டிப் பாருங்கள்.

எங்கள் பக்கத்தில் துப்பரவு பெரிய விசயம். ஏ9 வீதியை விட்டு உள்ளே போனால் கோடையில் செம்மண் புழுதி, மாரியில் ஈரம். விசிறி இழுக்கிற புழுதி ஸ்லொட்டுக்குள் படியும், ஐப்பசி கார்த்திகை மழையோடு அது இறுகும். சூடு இருக்கிற இடம் என்று சின்ன எறும்புகளும் குடியேறும். முல்லைத்தீவுக் கரையோரம் என்றால் உப்புக்காற்றும் சேரும். றாமின் பற்களில் மங்கலான படலம் இருந்தால் வெள்ளை அழிறப்பரால் மெல்லமாக, பல்லின் நீளப்பாட்டுக்குத் தேயுங்கள். அழிறப்பர்த் தூள் ஸ்லொட்டுக்குள் விழாமல் தள்ளி வைத்துச் செய்யுங்கள். பிறகு ஐசோபுரொப்பைல் அற்ககோல் தொட்ட துணியால் துடைத்து, காய விட்டுப் போடுங்கள். உப்புத்தாள், பற்பசை, டபிள்யூடி-40 எதுவும் வேண்டாம். தங்கப்பூச்சு தலைமயிரை விட மெல்லியது, உரஞ்சினால் போய்விடும். ஸ்லொட்டுக்கு மெல்லிய காய்ந்த பிரஷ் போதும். வாயால் ஊதினால் எச்சில் போகும். ஒரு ரோச் அடித்து ஸ்லொட்டின் உள் ஊசிகளைப் பாருங்கள். ஒன்று மட்டும் வளைந்தோ உள்ளே அமர்ந்தோ இருந்தால் காரணம் கண்முன்னே இருக்கிறது.

பற்றரியையும் றாமையும் கழற்றிப் பூட்டிய பிறகு முதல் தரம் போடும்போது திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே நிற்கலாம். பயோஸ் றாமைப் பழக்கிக்கொண்டிருக்கும். புது டிடிஆர்5 மெஷின்களில் இது நிமிடக் கணக்கில் போகும். பயந்து பவரை நிறுத்த வேண்டாம்.

பின்பக்கத்துக்கு வருவோம், அதாவது பயோஸ் 12288 காட்டியும் லினக்ஸ் குறைத்துக் காட்டினால். முதலில் ஏதாவது 64 பிட் லினக்ஸின் லைவ் யூஎஸ்பியில் (இன்ஸ்டோல் பண்ணாமல் பென்டிரைவிலிருந்தே ஓடுவது) போட்டு 'ஃப்ரீ -எச்' அடியுங்கள். அங்கே 11.5 வந்தால் பிழை உங்கள் இன்ஸ்டோலில்தான். 'யூநேம் -எம்' அடித்துப் பாருங்கள். எக்ஸ்86_64 என்று வந்தால் சரி. ஐ686 என்றால் 32 பிட் கேர்னல் ஓடுகிறது. பிஏஇ (4 ஜிபிக்கு மேலும் முகவரி கொடுக்கும் வசதி) இல்லாத 32 பிட் கேர்னலுக்கு 4 ஜிபிக்கு மேல் முகவரியே இல்லை, அந்த 4லும் கிராபிக்ஸும் மற்றச் சாதனங்களும் இடம் பிடிக்க 3.2 அளவில் நிற்கும். பிஏஇ உள்ளதென்றால் 64 ஜிபி வரை போகும். நான்காம் தலைமுறை ஐ5 64 பிட்தான், அதற்கு 32 பிட் போட ஒரு காரணமும் இல்லை. பழைய பென்டிரைவில் கிடந்த ஐஎஸ்ஓவைப் போட்டால் இப்படி வரும். இந்த ஒரு இடத்தில் மட்டும்தான் திரும்ப இன்ஸ்டோல் பண்ணுவது மருந்து.

அடுத்தது கேர்னலுக்குக் கொடுத்த கட்டளை வரி. 'கட்' என்ற சி-ஏ-டி கட்டளையால் ப்ரொக் அடைவில் இருக்கும் சிஎம்டிலைன் கோப்பை வாசியுங்கள். அதில் 'மெம்=' என்று தொடங்கி ஓர் அளவு எழுதியிருந்தால் யாரோ வேண்டுமென்றே வெட்டியிருக்கிறார்கள். பழுதான றாமைத் தவிர்க்க முந்தைய உரிமையாளர் 'மெம்மேப்=' போட்டிருந்தாலும் இதே கதைதான். ஈடிசி அடைவுக்குள் டிஃபோல்ட், அதற்குள் கிரப் என்ற கோப்பைத் திறந்து அந்தச் சொல்லை மட்டும் அழித்து, 'சூடோ அப்டேட்-கிரப்' அடித்து ரீஸ்டார்ட் பண்ணுங்கள். விண்டோஸில் எம்எஸ்கொன்ஃபிக் திறந்து மெக்ஸிமம் மெமரி டிக்கை எடுக்கச் சொல்லும் அறிவுரை இணையம் முழுக்கக் கிடக்கிறது. லினக்ஸுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இரண்டும் சரியென்றால் பயோஸ் கொடுத்த பட்டியலையே வாசிக்க வேணும். கேர்னல் எழுதிய குறிப்புகளைக் காட்டும் 'சூடோ டிஎம்இஎஸ்ஜி' அடித்து, அதில் 'இ820' உள்ள வரிகளைக் கிரெப் கட்டளையால் தேடி எடுங்கள். ஒவ்வொரு வரியும் ஒரு முகவரி வீச்சு, முடிவில் 'யூசபிள்' அல்லது 'ரிசேர்வ்ட்' என்று இருக்கும். எண்கள் பதினாறின் அடியில் இருப்பதால் வெருளத் தேவையில்லை. முன்னாலுள்ள பூச்சியங்களை விட்டுவிட்டு எண்ணுங்கள். 1க்குப் பின் எட்டுப் பூச்சியம் என்றால் சரியாக 4 ஜிபி. ஒன்பது இலக்கம் உள்ள எண்ணில் முதல் இலக்கம் 2 என்றால் 8 ஜிபிக்குச் சற்று மேல், 3 என்றால் 12க்குச் சற்று மேல். கடைசி யூசபிள் வரியின் முடிவு 3இல் தொடங்கினால் பயோஸ் 12 ஜிபியையும் ஒழுங்காக ஒப்படைத்திருக்கிறது. 2இல் தொடங்கினால் 8தான் வந்தது. 4 ஜிபி போட்ட ஒரு லப்டொப்பில் ஒன்பது இலக்க வரியே இல்லாமல் 3 ஜிபிச் சொச்சத்தோடு நின்றால், சிப்செட் மிச்சத்தை 4 ஜிபிக்கு மேலே தூக்கி வைக்கவில்லை. இன்டெல் 945 காலத்து லப்டொப்களில் 64 பிட் லினக்ஸ் போட்டாலும் 3.2, 3.3தான், அதற்கு மருந்து கிடையாது.

அதே டிஎம்இஎஸ்ஜியில் 'எம்டிஆர்ஆர்' என்று, இதை மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில், தேடுங்கள். எந்த நினைவகப் பகுதியை எப்படிக் கேஷ் (வேகத்துக்கான இடைநினைவகம்) பண்ணலாம் என்று சிபியூ வைத்திருக்கும் குறிப்பு அது. சிபியூவின் எம்டிஆர்ஆர்கள் நினைவகம் முழுவதையும் மூடவில்லை, இத்தனை எம்பியை இழக்கிறோம் என்று பயோஸைக் குறைசொல்லும் எச்சரிக்கை இருந்தால், கேர்னல் தானே அந்தப் பகுதியை வெட்டிவிட்டது. பயோஸ் அப்டேட்தான் சரியான வழி. அது கிடைக்காவிட்டால் அதே கிரப் கோப்பின் கட்டளை வரியில் 'எனேபிள்_எம்டிஆர்ஆர்_கிளீனப்' சேர்த்துப் பார்க்கலாம். வெட்டுவதையே நிறுத்தும் 'டிசேபிள்_எம்டிஆர்ஆர்_ட்ரிம்' ஒன்றும் இருக்கிறது, ஆனால் அந்தப் பகுதி கேஷ் இல்லாமல் ஓடி மெஷின் ஊரத் தொடங்கலாம். நான் அதைப் போடச் சொல்ல மாட்டேன்.

பயோஸ் அப்டேட்டுக்கு 'எஃப்டபிள்யூயூபிடிஎம்ஜிஆர் கெட்-அப்டேட்ஸ்' என்று கேட்டுப் பாருங்கள். டெல், லெனோவோ, எச்பியின் பல மொடல்களுக்கு லினக்ஸுக்குள்ளேயே வரும். நான்காம் தலைமுறை கொஞ்சம் பழசு, வராமலும் போகலாம். பற்றரி நல்லாக இருக்க வேணும், சார்ஜரும் செருகியிருக்க வேணும். கரண்ட் போய்ப்போய் வருகிற நாளில் இந்த வேலையைத் தொடாதீர்கள். பாதியில் நின்றால் றாம் மட்டும் இல்லை, லப்டொப்பே போய்விடும். அதற்கு முன் பயோஸில் லோட் டிஃபோல்ட்ஸ் கொடுத்துப் பார்ப்பது செலவில்லாத முயற்சி.

மாற்றி வாங்க வேண்டி வந்தால் இந்த மெஷினுக்கு டிடிஆர்3எல், 204 பின், 1.35 வோல்ட். ஸ்டிக்கரில் பிசி3எல் என்று எல் இருக்க வேணும். எல் இல்லாத 1.5 வோல்ட் றாம் அதே ஸ்லொட்டில் அப்படியே உட்காரும், வெட்டும் ஒன்றுதான், ஆனால் நான்காம் தலைமுறை லப்டொப் பல அதை ஏற்காது. ஒரே றாமாக 16 ஜிபி டிடிஆர்3எல் விற்கிறார்கள். அதிலுள்ள 8 ஜிகாபிட் சிப்பை ஐந்தாம் தலைமுறையிலிருந்துதான் வாசிக்கும், நாலாவதில் வேலை செய்யாது. 8உம் 8உமாக 16தான் உச்சம். வவுனியாவுக்கோ கிளிநொச்சிக்கோ போகும்போது லப்டொப்பையே கொண்டுபோய்க் கடையில் வைத்தே பயோஸ் எண்ணைப் பாருங்கள். கொழும்பிலிருந்து கூரியரில் எடுத்தால் திருப்பி அனுப்ப ஒரு கிழமை போகும். புதுசைப் போட்டு எண் சரியாக வந்தாலும் ஓர் இரவு றாமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளை ஓட விடுங்கள். ஆறாம் பதிப்பிலிருந்து அது பயோஸின் புதுவகையான யூஇஎஃப்ஐயிலும் ஓடும், அதில் செக்யூர் பூட் என்ற பாதுகாப்புத் தெரிவை மட்டும் நிறுத்த வேணும். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்த றாம் வேண்டாம்.

ஸ்லொட்டே செத்திருந்தால், துப்பரவுக்கும் சரிவராவிட்டால், காரணம் ஸ்லொட்டின் சோல்டரிலோ புரொசெசரிலிருந்து வரும் பாதையிலோ இருக்கும். புரொசெசர் சொக்கெட்டில் பூட்டிய வகை என்றால் அதைக் கழற்றி, புதுத் தேர்மல் பேஸ்ட் போட்டு, திரும்பப் பூட்டினால் சில வேளை வரும். தாய்ப்பலகையோடு ஒட்டிய வகையென்றால் ரீபோல் பண்ணுகிற (அடிச் சோல்டரை மாற்றித் திரும்ப ஒட்டுகிற) செலவுக்கு இந்த வயது லப்டொப் பெறாது. 8 ஜிபியை நல்ல ஸ்லொட்டில் தனியாகப் போட்டு, றாமுக்குள்ளேயே தரவைச் சுருக்கி வைக்க உதவும் இசட்ராம்-டூல்ஸ் இன்ஸ்டோல் பண்ணி ஓடுங்கள். மின்ட்டுக்கும் பிரவுசருக்கும் லிப்ரேஒபிஸுக்கும் அது காணும். கடைக்குக் கொடுப்பதாக இருந்தால் நாலு சோதனையும் எழுதிய தாளையும் சேர்த்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் அவரும் முதலில் விண்டோஸ்தான் போட்டுப் பார்ப்பார்.